எப்பாப்பிரோதீத்து கொண்டுபோன கடிதம்: பிலிப்பியர் 4ஆம் அதிகார விளக்கவுரை

மகிழ்ச்சியைப் பற்றிப் பிரசங்கம் என்றால் நம் சபைகளில் பெரும்பாலும் பிலிப்பியர் நிருபத்தைத்தான் எடுப்பார்கள். நான்கே அதிகாரம், 104 வசனம். அதற்குள் மகிழ்ச்சி, மகிழ்தல், கூடி மகிழ்தல் என்று பவுல் 16 இடங்களில் பேசிவிடுகிறார். அந்த 16 இடங்களை மட்டும் பொறுக்கிக் கோத்தால், அலுப்பே அறியாத ஒரு மனிதர் எழுதிய கடிதம் போலத் தோன்றும். வாரமெல்லாம் உழைத்துக் களைத்து, ஞாயிற்றுக்கிழமை பின்வரிசையில் வந்து உட்காருகிறவருக்கு அந்தப் பிரசங்கம் இன்னொரு சுமையாகிவிடும். ஏற்கெனவே முடியவில்லை, இப்போது மகிழ்ச்சியாகவும் இல்லை என்ற குற்ற உணர்வும் சேர்ந்துகொள்ளும்.

அதே நிருபத்தில் பிரசங்கத்துக்கு அதிகம் வராத இடங்களும் உண்டு. முதல் அதிகாரத்தில், உயிரோடிருப்பதா, போய்ச் சேருவதா, எது நல்லது என்று தெரியாமல் பவுல் இரண்டுக்கும் நடுவில் இழுபடுகிறார். இரண்டாம் அதிகாரத்தில், தம்மிடம் வந்த ஒருவர் நோயில் இறந்திருந்தால் இருக்கிற துயரம் போதாதென்று அதுவும் சேர்ந்திருக்குமே என்கிறார். மூன்றாம் அதிகாரத்தில் சிலரைப் பற்றிச் சொல்லும்போது கண்ணீர் வந்துவிடுகிறது. மகிழச் சொல்வதும் அழுவதும் ஒரே ஆள், ஒரே கடிதத்தில். இந்த நினைவோடு நான்காம் அதிகாரத்தை வரிசையாகப் பார்க்கலாம்.

எழுதியவரும் கேட்டவர்களும்

பவுல் காவலில் இருந்தபடி எழுதுகிறார். எந்த ஊர்க் காவல் என்பதில் வேத அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை. ரோமாபுரி, எபேசு, செசரியா என்று மூன்று ஊர்களைச் சொல்கிறார்கள். சபையின் பழைய மரபு ரோமாபுரியைச் சொல்கிறது. காலம் ஏறத்தாழ கி.பி. 60 முதல் 62 வரை. நானும் அந்தப் பக்கம்தான் சாய்கிறேன். அரமனையையும் இராயனின் வீட்டாரையும் பற்றிய குறிப்புகள் அங்கேதான் இயல்பாகப் பொருந்துகின்றன.

அப்போஸ்தலர் நடபடிகளின் கடைசி அதிகாரப்படி, ரோமாபுரியில் அவர் இரண்டு வருஷம் வாடகை வீட்டில் இருந்தார். வீடு என்றதும் வசதியாக இருந்தார் என்று எண்ணிவிடக் கூடாது. கூடவே ஒரு போர்ச்சேவகன், கையில் சங்கிலி. காவலாளுக்கு முறை மாறும், கைதிக்கு மாறாது. நினைத்தபடி வெளியே போய்க் கூடாரத் தொழில் செய்து சம்பாதிக்க வழியில்லை. ஆனால் வாடகை தரவேண்டும், சாப்பிடவேண்டும். ரோம ஆட்சியில் சிறைவாசம் என்பது பெரும்பாலும் விசாரணைக்கோ தண்டனைக்கோ காத்திருக்கும் காலம்தான். அந்தக் காலத்தில் கைதிக்கு ஒழுங்கான சாப்பாடு கிடைப்பது உறவினரும் நண்பரும் கொண்டுவந்து கொடுப்பதைப் பொறுத்தது. இரண்டாம் நூற்றாண்டு எழுத்தாளர் லூசியன், பெரெகிரினுஸ் என்பவரின் கதையை எழுதும்போது இதைக் காட்டுகிறார். பெரெகிரினுஸ் கிறிஸ்தவராகச் சிறையில் இருந்த நாட்களில், விடியும்போதே விதவைகளும் அனாதைப் பிள்ளைகளும் சிறை வாசலில் காத்திருந்தார்களாம். வகைவகையான சாப்பாடு உள்ளே போனதாம். லூசியன் இதைக் கேலியாகத்தான் எழுதினார். கேலி செய்கிறவர் கண்ணிலேயே படுகிற அளவுக்கு இந்த வழக்கம் கிறிஸ்தவர்களிடம் ஊறிப்போயிருந்தது.

கேட்டவர்கள் மக்கெதோனியாவின் பிலிப்பி பட்டணத்தார். இன்றைய கிரேக்க நாட்டின் வடக்கில், கவாலா துறைமுகத்துக்குப் பக்கத்தில் அந்த ஊரின் இடிபாடுகள் இருக்கின்றன. கி.மு. 42இல் புரூட்டஸ், காசியஸ் படைகளை அந்தோனியும் ஒக்டேவியனும் முறியடித்தது இந்த ஊருக்கு வெளியேதான். போருக்குப் பிறகு ஓய்வுபெற்ற படைவீரர்களுக்கு இங்கே நிலம் கொடுத்துக் குடியேற்றினார்கள். அதனால் ஊருக்கு ரோமக் குடியேற்றம் என்ற பெருமை உண்டு. பவுல் முதலில் இங்கே வந்தபோது, ஆற்றங்கரையில் ஜெபிக்கக் கூடிய பெண்களிடம்தான் பேசினார். இரத்தாம்பரம் விற்ற லீதியாள் வீட்டில் சபை தொடங்கியது. ஊரின் பெருமையை வைத்துச் சபையார் வசதியானவர்கள் என்று எண்ணக் கூடாது. கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் 8ஆம் அதிகாரத்தில், மக்கெதோனியச் சபைகள் கொடிய வறுமையிலிருந்தும் கொடுத்ததைப் பவுலே சொல்கிறார்.

அந்த வறியவர்கள் பொருள் சேர்த்து, எப்பாப்பிரோதீத்து என்பவர் கையில் கொடுத்து அனுப்பினார்கள். பிலிப்பியிலிருந்து ரோமாபுரிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். எக்னாத்தியா நெடுஞ்சாலையில் மேற்கே நடந்து, கடல் தாண்டி, மறுபடி நடக்க வேண்டும். போன இடத்தில் அவர் சாகக் கிடந்து பிழைத்தார். இந்தக் கடிதத்தை ஊருக்கு எடுத்துப் போனவரும் அவராகத்தான் இருக்க வேண்டும்.

1 முதல் 3 வரை: இரண்டு பெண்களின் மனத்தாங்கல்

அதிகாரத்தின் தொடக்கமே சபைச் சண்டை. எயோதியாள், சிந்திகேயாள் என்ற இரண்டு பெண்களைப் பெயர் சொல்லி, ஒரே மனதாகப் போங்கள் என்று கேட்டுக்கொள்கிறார். இது தபாலில் வந்து வீட்டில் தனியாகப் பிரித்துப் படிக்கிற கடிதம் இல்லை. சபை கூடியிருக்கும்போது ஒருவர் சத்தமாக வாசிக்க, எல்லாரும் கேட்கிற கடிதம். அந்த இருவரும் அங்கேயே, அநேகமாக ஒருவருக்கொருவர் முகம் பார்க்காத தூரத்தில், உட்கார்ந்திருப்பார்கள்.

யார் பக்கம் நியாயம் என்று பவுல் தீர்ப்புச் சொல்லவில்லை. இருவரும் தம்மோடு சுவிசேஷ வேலையில் பாடுபட்டவர்கள் என்பதை மட்டும் சபைக்கு நினைவுபடுத்துகிறார். பக்கத்தில் இருக்கும் ஒரு கூட்டாளியிடம், இந்தப் பெண்களுக்குத் துணையாயிரு என்று பொறுப்பை ஒப்படைக்கிறார். சேகரக் கமிட்டியில் ஒரு தவணையாவது இருந்தவர்களுக்கு இந்த இடம் நன்றாகப் புரியும். சபையில் சண்டை பிடிக்கிறவர்கள் பெரும்பாலும் வேலை செய்கிறவர்கள்தான். பாய் விரிப்பது யார், அசனத்துக்குச் சமையல் பொறுப்பு யார், ஞாயிறு பள்ளிக்கு யார் என்பதில் ஓடி ஓடிக் களைத்தவர்களுக்குள்தான் சொல் தடிக்கும். வேலையே செய்யாதவருக்கு யாரோடு என்ன சண்டை?

4: மகிழச் சொல்லும் கட்டளை

அடுத்த வரியிலேயே ஆண்டவருக்குள் மகிழச் சொல்கிறார். ஒரு முறை சொல்லிவிட்டு, திரும்பவும் சொல்வேன் என்று மறுபடி அதையே சொல்கிறார். நாம் வைத்திருக்கும் வசன எண்கள் பவுல் போட்டவை இல்லை. 1551இல் ரொபேர் எஸ்தியேன் என்ற அச்சகத்தார் புதிய ஏற்பாட்டுக்குப் போட்ட எண்கள் அவை. எண் வந்தபிறகு இந்த ஒரு வரி தனியே கழன்று நாள்காட்டித் தாளுக்கும் சுவர்ப் படத்துக்கும் போய்விட்டது. பிலிப்பியர் காதில் அது அப்படி விழவில்லை. இரண்டு பெண்களின் மனத்தாங்கலைக் கேட்டு எல்லாரும் தலைகுனிந்திருந்த நேரத்தில், அதே மூச்சில், அதே கூட்டத்துக்குச் சொன்னது அது. கூட்டத்துக்கு என்பது முக்கியம். தனி ஒருவர் தம் மனதுக்குள் மகிழ்ச்சியைக் காய்ச்சி எடுக்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. சபையாக மகிழுங்கள் என்கிறார். ஒருவரால் முடியாத நாளில் இன்னொருவர் அந்த வேலையைச் செய்யலாம்.

சொல்கிறவருக்கு இந்த ஊரில் அந்த உரிமை இருந்தது. நடபடிகள் 16ஆம் அதிகாரத்தில், இதே ஊரில் அவரையும் சீலாவையும் பிடித்து, வஸ்திரத்தைக் கிழித்து, கோலால் அடித்து, உள்காவலில் கால்களைத் தொழுமரத்தில் மாட்டி வைத்தார்கள். நடுராத்திரியில் இருவரும் ஜெபித்துப் பாடினார்கள். மற்றக் கைதிகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நிலம் அதிர்ந்து, சிறைக்காரன் மனம் மாறிய பிறகுதான் அவன் அவர்களுடைய காயங்களைக் கழுவினான். அப்படியானால் பாடிய நேரத்தில் முதுகில் இரத்தம் கழுவப்படாமல் காய்ந்துகொண்டிருந்தது. வலி தீர்ந்தபிறகு பாடிய பாட்டு இல்லை அது. இன்னொன்றும் உண்டு: பவுல் அன்று தனியாக இல்லை. பக்கத்துத் தொழுமரத்தில் சீலா இருந்தார். தனியே கிடந்திருந்தால் பவுல் பாடியிருப்பாரா என்று நான் யோசித்ததுண்டு. முனகியிருப்பார் என்றே தோன்றுகிறது, அதுவும் ஜெபம்தான்.

இங்கே நம் சாட்சி நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வியாதி வந்தது, ஜெபித்தோம், சுகமானது. வேலை போனது, உபவாசித்தோம், அதைவிட நல்ல வேலை கிடைத்தது. முடிவு நல்லபடியாக வந்தவர்தான் நம் சபைகளில் எழுந்து நிற்க முடிகிறது. இன்னும் முடியாதவர், ஆறு வருஷமாக அதே பாட்டில் கிடக்கிறவர், என்ன சொல்லி மைக்கைப் பிடிப்பார்? பவுல் இதை எழுதும்போது அவர் வழக்கில் தீர்ப்பு வரவில்லை. விடுதலையா, வாளா என்று தெரியாது. பாதியில் நின்றபடி அவர் சொன்ன சாட்சி இந்த நிருபம்.

5: சாந்தகுணம்

மகிழச் சொன்ன கையோடு, உங்கள் சாந்தகுணம் எல்லாருக்கும் தெரியட்டும் என்கிறார். களைப்பு முதலில் கைவைப்பது இதில்தான். அலுவலகத்தில் எல்லாரிடமும் சிரித்துப் பேசிவிட்டு, வீட்டுக்கு வந்து பிள்ளை தண்ணீரைக் கொட்டியதற்குச் சீறுகிறோம். வெளியாருக்குத் தெரிகிற சாந்தம் வீட்டாருக்குத் தெரிவதில்லை. எல்லாருக்கும் என்று பவுல் சொன்னதில் வீட்டாரும் சேர்த்தி. கர்த்தர் பக்கத்தில் இருக்கிறார் என்பதே அவர் காட்டும் காரணம். சீக்கிரம் திரும்பி வருவார் என்றும் கொள்ளலாம், இப்போதே அருகில் இருக்கிறார் என்றும் கொள்ளலாம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் எனக்குத் தெரியவில்லை. நியாயம் செய்ய ஒருவர் பக்கத்தில் இருக்கிறார் என்ற நினைப்பு இருந்தால், எல்லாவற்றுக்கும் நாமே கத்தி நியாயம் வாங்கவேண்டியதில்லை.

6, 7: கவலையும் காவலும்

எதற்கும் கவலைப்படாதீர்கள் என்பதை, மனதில் எந்தப் பாரமும் வரக்கூடாது என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். பவுலுக்கே பாரம் இருந்தது. சபைகளைப் பற்றிய கவலை தம்மை அன்றாடம் நெருக்குவதாகக் கொரிந்தியருக்கு எழுதியவர் அவர். எப்பாப்பிரோதீத்துவை ஊருக்கு அனுப்பிவிட்டால் தமக்கு வருத்தம் குறையும் என்றும் இதே நிருபத்தில் சொல்கிறார். குறையும் என்றுதான் சொல்கிறார், மறைந்துவிடும் என்று சொல்லவில்லை. வருகிற கவலையை என்ன செய்வது என்பதுதான் அவர் சொல்லித்தருவது: ஒவ்வொன்றையும், பெயர் சொல்லி, நன்றியோடு, தேவனிடம் தெரியப்படுத்துங்கள்.

எங்கள் வேதபாட வகுப்புக்கு வரும் ஒரு பெண், பக்கவாதத்தில் படுத்துவிட்ட மாமியாரைப் பல வருஷமாகப் பார்த்துக்கொள்கிறார். படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் திருப்பிப் போட வேண்டும், இரவிலும். முழங்காலிட்டு ஜெபிக்க நேரமில்லையே ஐயா என்று வருத்தப்பட்டார். அப்படியானால் எப்படித்தான் ஜெபிக்கிறீர்கள் என்று கேட்டேன். இரவு இரண்டு மணிக்கு எழுந்து, ஒரு கையைத் தோளுக்கும் ஒரு கையை இடுப்புக்கும் கொடுத்து அவரைச் சாய்க்கும்போதே பேசிவிடுவாராம். "முதுகுல புண்ணு காய்ஞ்சிட்டு வருது ஆண்டவரே, ஸ்தோத்திரம். டயாபர் நாளையோட தீருது. எனக்கு இடுப்பு விட்டுப்போவுது." அவ்வளவுதான் ஜெபம். அதன்பின் தலையணையை முதுகுக்கு அண்டைக் கொடுத்துவிட்டுப் படுத்துவிடுவார். ஆறாம் வசனத்துக்கு இதைவிடச் சரியான விளக்கத்தை நான் எந்த உரையிலும் பார்க்கவில்லை. நன்றி இருக்கிறது, தேவை இருக்கிறது, தன் உடம்பைப் பற்றிய புகாரும் இருக்கிறது. புகாரை ஜெபத்திலிருந்து நீக்கிச் சுத்தமாக்கிக் கொண்டுபோக வேண்டும் என்று பவுல் சொல்லவில்லை.

ஏழாம் வசனத்தில் கவனிக்க வேண்டியது, அங்கே இல்லாத ஒன்று. கேட்டது கிடைக்கும் என்று அங்கே எழுதியிருக்கவில்லை. மனித அறிவுக்கு எட்டாத தேவசமாதானம் இருதயத்தையும் சிந்தையையும் காக்கும் என்றுதான் இருக்கிறது. காப்பது என்று அவர் சொல்வது கோட்டை வாசலில் படைவீரர் நிற்கிற காவல். ஓய்வுபெற்ற படைவீரர் குடும்பங்கள் நிறைந்த ஊருக்கு அந்தப் படம் உடனே விளங்கியிருக்கும். எழுதுகிறவர் கையிலோ சங்கிலி, பக்கத்தில் காவலாள். தம்மைக் காவல் காக்கிற இன்னொருவரும் உண்டு என்று அவர் எழுதும்போது அந்தச் சேவகன் அறையில்தான் இருந்திருப்பான். டயாபர் மறுநாள் தீரத்தான் செய்யும். அதை யாராவது வாங்கிவர வேண்டும். அது பத்தாம் வசனத்துக்கு அப்பால் வரும் விஷயம்.

8, 9

உண்மையானது, ஒழுக்கமானது, நியாயமானது, தூய்மையானது, அன்புக்குரியது, நற்பெயருள்ளது என்று அடுக்கி, இவற்றையே சிந்தியுங்கள் என்கிறார். கிரேக்க அறிஞர்களும் ஒழுக்கத்தைப் பற்றி இப்படிப் பட்டியல் போடுவதுண்டு. நல்லது எங்கே இருந்தாலும் எடுத்துக்கொள்ளப் பவுலுக்குக் கூச்சமில்லை. களைத்த மனது கண்டதையும் மேயும். படுக்கப்போகும் நேரத்தில் கைபேசியைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. ஒன்பதாம் வசனத்தில் சிந்தித்ததோடு நிற்காமல் செய்யச் சொல்கிறார். என்னிடம் கண்டதைச் செய்யுங்கள் என்கிறார். ஆற்றங்கரையும் உள்காவலும் அவர்கள் கண்டவைதானே.

10 முதல் 13 வரை: கற்றுக்கொண்டது

அதிகாரத்தின் நெஞ்சு இங்கே இருக்கிறது. இந்த அதிகாரத்தில் இதுவரை மற்றவர்களை மகிழச் சொன்னவர், இங்கேதான் தாம் மகிழ்ந்ததைச் சொல்கிறார். எதற்காக? நீங்கள் என்னை நினைத்தது மறுபடி துளிர்த்ததே என்பதற்காக. வானத்திலிருந்து வந்த தரிசனம் எதையும் அவர் சொல்லவில்லை. பிலிப்பியிலிருந்து ஓர் ஆள் மூட்டையோடு வந்து சேர்ந்தான். அவருடைய சந்தோஷம் அதில்தான். உடனே, இத்தனை நாள் உங்களுக்கு நினைப்பு இல்லாமலில்லை, சமயம்தான் வாய்க்கவில்லை என்றும் சேர்த்துக்கொள்கிறார். தாமதமாக அனுப்பினோமே என்று அவர்கள் மனம் சுருங்கிவிடக் கூடாது என்ற பதைப்பு அது.

பிறகு, குறைவை நினைத்து இதைச் சொல்லவில்லை, எந்த நிலையிலும் மனநிறைவோடிருக்கக் கற்றுக்கொண்டேன் என்கிறார். அந்நாளைய தத்துவ ஞானிகளான ஸ்தோயிக்கர் இதே மனநிறைவைத்தான் போதித்தார்கள். ரோமாபுரியில்தான் பவுல் இருந்தார் என்று வைத்துக்கொண்டால், அதே நகரத்தில் அதே ஆண்டுகளில் செனேக்கா இருந்தார். நீரோ மன்னனின் ஆலோசகர், பெரும் பணக்காரர், போதுமென்ற மனத்தைப் பற்றி அருமையாக எழுதியவர். அவர்கள் வழியில் அறிவுள்ள மனிதன் தனக்குத் தானே போதும். எவர் வந்தாலும் போனாலும் அவன் அசையமாட்டான். பவுல் முதலில் கிட்டத்தட்ட அந்த மாதிரிதான் பேசுகிறார். ஆனால் இரண்டு வித்தியாசம். ஒன்று, தம்மைப் பலப்படுத்துகிறவர் ஒருவர் இருக்கிறார் என்கிறார். மற்றது, பதினாலாம் வசனம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கற்றுக்கொண்டேன் என்பதில் கொஞ்சம் நிற்க வேண்டும். கற்றுக்கொள்ளக் காலம் பிடிக்கும். நடுவில் தவறிப்போகும் நாட்களும் இருக்கும். ஆசியாவில் பட்ட பாட்டில் பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போனதாகக் கொரிந்தியருக்கு எழுதியவரும் இவரே. அங்கிருந்து இந்த மனநிறைவுக்கு வர அவருக்கு ஆண்டுகள் பிடித்தன. நம் மண்ணிலும் இப்படிக் காலம் பிடித்த ஒரு காரியம் உண்டு. தரங்கம்பாடியில் மிஷனெரி சீகன்பால்கு 1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கினார். அடுத்த மாதமே அங்கிருந்த டேனிய அதிகாரி அவரைக் கோட்டைக் காவலில் போட்டார். நான்கு மாதம் கழித்துத்தான் வெளியே வந்தார். விட்ட வேலையைத் தொடர்ந்து 1711இல் முடித்தார். 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சாகி வந்தது. சங்கிலியில் இருந்தவர் எழுதிய இந்தப் பகுதியைத் தமிழில் எழுதும்போது அவருக்கும் ஒரு காவல் அறையின் நினைவு இருந்திருக்கும். அன்றாட வேலையாக, பக்கம் பக்கமாக நடந்த காரியம் அது.

பன்னிரண்டாம் வசனத்தில் பட்டினியோடு நிறைவையும் சேர்த்துச் சொல்கிறார். வயிறு நிறைந்திருக்கவும் கற்றுக்கொள்ள வேண்டுமாம். வசதி வந்தபிறகு மகிழத் தெரியாமல் போனவர்களை நாமும் பார்த்திருக்கிறோம்.

அடுத்து பதின்மூன்றாம் வசனம். பைக் பின்பக்கத்தில், பரீட்சை அட்டையில், டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து எடுக்கிற வாக்குத்தத்த அட்டையில், எங்கும் இதைப் பார்க்கலாம். கிறிஸ்துவால் எல்லாவற்றையும் செய்யப் பலமுண்டு என்று படித்ததும், பரீட்சையில் முதலிடம், வீசா, பதவி உயர்வு என்று நம் ஆசைகளை அந்த எல்லாவற்றுக்குள் வரிசையாக ஏற்றிவிடுகிறோம். பவுல் அந்த எல்லாவற்றையும் முந்தின வசனத்திலேயே பட்டியல் போட்டுவிட்டார். பட்டினி கிடக்கப் பலம், தாழ்ந்து போகப் பலம், இருக்கும்போது இருக்கவும் இல்லாதபோது இல்லாமலிருக்கவும் பலம். பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கு அந்த அட்டையைக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லமாட்டேன். தோற்றுவிட்டு வருகிற பிள்ளைக்கும் அதே அட்டையைக் கொடுக்க வேண்டும் என்பேன்.

14 முதல் 20 வரை: பங்கெடுத்தவர்கள்

ஆனாலும் என் உபத்திரவத்தில் நீங்கள் பங்கெடுத்தது நல்ல காரியம் என்கிறார். இந்த வசனத்தை எந்த பைக்கிலும் நான் பார்த்ததில்லை. ஆனால் இது இல்லாமல் பதின்மூன்றைப் படித்தால் பவுல் ஒரு கிறிஸ்தவ செனேக்காவாகிவிடுவார். எல்லாவற்றுக்கும் எனக்குப் பலமுண்டு என்று சொன்ன வாயால் உடனே, நீங்கள் வந்தது நல்லதாயிற்று என்கிறார். பலப்படுத்துகிறவர் கிறிஸ்து, பொருளைக் கொண்டுவந்தது எப்பாப்பிரோதீத்து. இரண்டையும் பிரிக்க அவர் முற்படவில்லை. களைத்தவர்களிடம், கர்த்தர் பலம் தருவார் என்று சொல்லிவிட்டுக் கைகுலுக்கிப் போய்விடுகிறோமே, அந்தப் பேச்சு பதின்மூன்றில் நின்றுவிட்ட பேச்சு. டயாபர் வாங்கிக் கொடுத்து, ஓர் இரவு மாமியாரைத் திருப்பிப் போட ஆள் அனுப்பினால் அது பதினாலுக்கு வந்துவிடும்.

பதினைந்து முதல் பதினெட்டு வரை கணக்குப் புத்தகம் போல இருக்கிறது. கொடுக்கல் வாங்கலில் என்னோடு பங்குபெற்ற சபை உங்களைத் தவிர வேறில்லை. தெசலோனிக்கேயில் இருந்தபோதும் ஒரு தரம் இரண்டு தரம் அனுப்பினீர்கள். இப்போது முழுவதும் வந்து சேர்ந்தது என்று ரசீது எழுதுவது போல எழுதுகிறார். பிறகு பேச்சு சட்டென்று பலிபீடத்துக்கு ஏறுகிறது: நீங்கள் அனுப்பியது தேவனுக்கு வாசனையான காணிக்கை. வழிச்செலவுப் பணமும் மூட்டையும் ஆராதனையாகிவிட்டன. பத்தொன்பதாம் வசனமும் வாக்குத்தத்த அட்டைக்குப் போனதுதான். தேவன் உங்கள் குறைவை நிறைவாக்குவார் என்றது, வறுமையிலும் தங்கள் பங்கை எடுத்து அனுப்பிவிட்ட சபைக்குச் சொன்னது.

சுமந்து போனவரைப் பற்றிப் பேசாமல் இந்தப் பகுதியைக் கடக்க முடியாது. அதற்கு 2ஆம் அதிகாரத்தின் 25 முதல் 30 வரை பார்க்க வேண்டும். பவுலுக்குத் துணையாக இருக்கத்தான் எப்பாப்பிரோதீத்துவை அனுப்பினார்கள். வந்தவர் படுத்துவிட்டார். தாம் நோயுற்ற செய்தி ஊருக்கு எட்டிவிட்டது என்று அறிந்ததும் அவருக்கு அதுவே பெரிய வேதனையாகிவிட்டது. தூரதேசத்தில் காய்ச்சலில் கிடந்துகொண்டு, அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள் என்கிற பிள்ளையின் தவிப்பு இது. பவுல் என்ன செய்தார்? கர்த்தருடைய வேலை முக்கியம், விசுவாசத்தோடு தொடர்ந்து இரு என்று அவரைப் பிடித்து வைக்கவில்லை. ஊருக்கு அனுப்பிவிட்டார். அதோடு விடாமல், சபையாருக்கு ஒரு வார்த்தையும் எழுதினார்: அவரை மிகுந்த சந்தோஷத்தோடு ஏற்றுக்கொள்ளுங்கள், இப்படிப்பட்டவர்களை மதியுங்கள். எதற்கு இந்தச் சிபாரிசு? போன வேலையைப் பாதியில் விட்டுத் திரும்பிவிட்டானே என்று ஊரில் நாலு பேர் பேசுவார்கள் என்று பவுலுக்குத் தெரியும். பேச்சு கிளம்புவதற்கு முன்பே அதன் வாயை அடைத்துவிடுகிறார்.

ஊழியத்தில் களைத்துப்போனவர்களை நம் சபைகள் நடத்துகிற விதத்தை இதனோடு ஒப்பிட்டால் கூசுகிறது. ஞாயிறு பள்ளியை இருபது வருஷம் நடத்திய ஆசிரியை, இந்த வருஷம் முடியாது என்று சொன்னால், ஆவிக்குரிய ஜீவியத்தில் என்ன பின்மாற்றமோ என்று விசாரிக்கிறோம். நோயாளியைப் பார்க்கப் போனவரே நோயாளியாகலாம் என்பதை இந்த நிருபம் ஒளிக்கவில்லை. ஓய்வெடுக்க வீடு திரும்புகிறவரைச் சந்தோஷத்தோடு ஏற்றுக்கொள்ளச் சொல்லியிருக்கிறது. நிருபத்தின் 16 இடங்களில் இதுவும் ஒன்று. பிரசங்கத்தில் நான் கேட்டதில்லை.

21 முதல் 23 வரை: வாழ்த்துகள்

முடிவில் இங்குள்ள சகோதரர் உங்களை வாழ்த்துகிறார்கள் என்கிறார். விசேஷமாக இராயனின் வீட்டார். அந்தச் சொல் கேட்பதற்கு இளவரசர்களும் சீமாட்டிகளும் போல இருக்கும். அநேகமாக அவர்கள் அரண்மனைச் சேவையில் இருந்த அடிமைகளும் விடுதலையான அடிமைகளும்தான்: சமையல்காரர், கணக்கெழுதுகிறவர், தூது போகிறவர், தோட்டம் துரவு பார்ப்பவர். பகலெல்லாம் நீரோவின் வேலை. அதற்குப் பிறகு கிடைத்த நேரத்தில் பவுலின் வாடகை வீடு. தாங்கள் பார்த்திராத பிலிப்பி ஊர்ச் சபைக்கு, எங்களையும் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். எயோதியாளும் சிந்திகேயாளும் அந்த வாழ்த்தையும் உட்கார்ந்து கேட்டார்கள். கேட்டபிறகு சமாதானமானார்களா என்று வேதத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை.